அண்ணி என்றொரு குமிழ்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. அழைத்தவர் இசைக்கருவிக் காட்சிக்கூடத்தின் மேற்பார்வையாளர். பேசியதை அப்படியே எழுதிவிடுகிறேன். எனக்குக் கதைகள் காது வழியாகத்தான் வரும். வானம் எப்படி இருந்தது, யார் என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டால் முழிப்பேன்.

"அம்மா, உங்க நாத்தனார் செஞ்ச முதல் பெட்டியத் துடைச்சிட்டிருக்கோம். ஒவ்வொரு குமிழ் பக்கத்துலயும் பேர் கீறியிருக்காங்க. ஒண்ணுல 'ஒலி'. ஒண்ணுல 'சுருதி'. மூணாவதுல 'அண்ணி'ன்னு இருக்கு."

"சரி."

"அது என்ன அலகும்மா? எங்க எலக்ட்ரானிக்ஸ் ஆளு இருக்கிற புத்தகத்தையெல்லாம் புரட்டிட்டாரு."

"அது அலகு இல்லப்பா. நான்தான்."

பிறகு, திறப்பு விழாவில் பெட்டியை வாசிக்கப்போவதாகவும், கண்டுபிடித்தவரின் வாழ்க்கையை ஒரு பக்கத்துக்கு எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னார். ஒரு பக்கமாம்! மனுஷி இன்னும் அடுத்த அறையில் உட்கார்ந்து என் மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.

2

முதல் தொடக்கம்: "பல மின்னணு இசைக்கருவிகளை உருவாக்கிய இந்தப் பெண்மணி, சிறு வயதிலேயே—"

(அடித்துவிட்டேன். அவள் சிறு வயதை நான் எங்கே கண்டேன்? நான் மருமகளாக வந்தபோதே அவள் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.)

இரண்டாம் தொடக்கம்: "பின்னறை முழுக்க ஈயம் உருகும் வாசனை—"

(இதில் மூக்குக்கு வேலை இருக்கிறது. காது சும்மா கிடக்கிறது.)

மூன்றாம் தொடக்கம்:

"அண்ணி, அசையாதீங்க."

இதுதான். அந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது.

3

"அண்ணி, அசையாதீங்க."

"மூக்கு அரிக்குது கம்பி."*

"சொறிஞ்சா சுருதி ஏறிடுது."

"அப்ப நான் வேற ரூமுக்குப் போறேன்."

"போனா எல்லாமே போயிடும். உட்காருங்க."

(*கம்பி: எப்போதும் கையில் கம்பித் துண்டோடு திரிந்ததால் அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், வைத்த பட்டப்பெயர். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்றைக்கும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.)

அது தொடாமல் வாசிக்கிற பெட்டி. மேலே ஒரு ஏரியல் நிற்கும். கையை அதன் அருகே கொண்டுபோனால் சுரம் ஏறும், விலக்கினால் இறங்கும். வாசிப்பவரின் கை என்றில்லை, பக்கத்தில் எந்த உடம்பு இருந்தாலும் அந்த ஏரியலுக்குத் தெரிந்துவிடும்.

நான் அங்கே உட்கார்ந்தது இசைக்காக இல்லை. நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் அந்தப் பின்னறையில்தான் இருந்தது. துணிகளுக்கு ஓரம் அடிக்க வசதி. ஜன்னலுக்குக் கீழே என் நாற்காலி, அதையொட்டி அவள் மேசை.

கம்பிக்குப் பாட வராது. சுரங்களை அவள் கையின் இடத்தை வைத்தே பழகினாள். முழங்கை மேசை விளிம்பைத் தாண்டினால் ஒன்று, விரல் நுனி தோளுக்கு நேரே வந்தால் இன்னொன்று. அந்த இடங்கள் எல்லாமே நான் நாற்காலியில் இருக்கும்போது குறித்த இடங்கள். எங்கள் இருவருக்குமே இது உறைக்கவில்லை. அறையில் சுவர் இருக்கிறதா என்று யாராவது தினமும் பார்ப்பார்களா?

4

(இங்கே ஒரு இடையூறு. தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள்.)

"என்ன அண்ணி, என்னைக் கொன்னுட்டீங்களா?"

"ஏன்?"

"இருந்தாள், பழகினாள்னு எழுதியிருக்கீங்க. காரியம் பண்ணின மாதிரி இருக்கு."

"கதைன்னா அப்படித்தான். போய் மிக்ஸியை மாட்டு."

"பாட வராதுன்னு வேற போட்டிருக்கீங்க."

"வருமா?"

காது மெஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பதில் சொல்ல விரும்பாதபோது அவள் செய்கிற காரியம் அது.

இந்தப் பாத்திரத்தை நல்லவளாக எழுதுவதா, பிடிவாதக்காரியாக எழுதுவதா என்று எனக்குக் குழப்பம். நாத்தனார் என்றதுமே வாசகர் ஒரு சண்டையை எதிர்பார்த்துக் காத்திருப்பார். சண்டைக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாச் சண்டையும் நான் அசைந்ததைப் பற்றியே இருந்தது.

5

ரேடியோ தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் முதலாளி பெட்டியைக் கேட்டுப் பார்க்கச் சம்மதித்தார். பிடித்தால் தொழிற்சாலையில் செய்வார்கள். கம்பி இதை நம்பி வேலையை விட்டிருந்தாள். கடையில் அவள் இடத்துக்கு வேறொருவர் வந்தாயிற்று. அன்றைக்கு முதலாளி "முடியாது" என்றால் பெட்டியோடு சேர்த்து இவளும் மூலையில் கிடக்க வேண்டியதுதான்.

கம்பெனிக் கூடத்தின் வாசலில் என்னை நிறுத்தினாள்.

"நீங்க வெளியவே இருங்க அண்ணி. உங்களப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வந்துடும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நடைவழியில், குடைகள் மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கதவு வழியாகப் பாட்டு வந்தது. எனக்கு மனப்பாடமான பாட்டு. ஒவ்வொரு சுரமும் படி தவறி இறங்கியது.

"ஏம்மா, இது பாட்டா பூனையா?" முதலாளியின் குரல்.

கதவு திறந்தது. கம்பியின் முகம்— (முகத்தை விட்டுவிடுகிறேன். குரல் போதும்.)

"அண்ணி, உள்ள வாங்க. நாற்காலியோட."

"எங்க போடணும்?"

"வீட்ல எங்க இருக்கோ, அங்க."

போட்டேன். உட்கார்ந்தேன். கை சும்மா இருக்கவில்லை, பையிலிருந்த துணியை எடுத்து மடியில் விரித்துக்கொண்டது.

"அசையாதீங்க."

பாட்டு நேராக வந்தது. ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப விக்கிற பெட்டிக்கெல்லாம் ஒரு அண்ணியைச் சேர்த்துக் கொடுக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். கம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"வேண்டாம் சார். அண்ணி இடத்துல ஒரு குமிழ் வச்சுடறேன். பக்கத்துல யாரு இருந்தாலும், யாருமே இல்லாட்டியும், அதைத் திருப்பிச் சரிபண்ணிக்கலாம். ஒரு வாரம் கொடுங்க."

(இந்த இடத்தில் ஒரு முடிவை எழுதிப் பார்த்தேன். முதலாளி எழுந்து போய்விடுகிறார், பெட்டி தூசி படிந்து கிடக்கிறது. தோற்றுப்போன கண்டுபிடிப்பாளர் என்றால் படிப்பவர்கள் உருகுவார்கள். ஆனால் அந்த மனிதர் அவள் கேட்ட ஒரு வாரத்தைக் கொடுத்தார். கொடுத்தவரைக் கொடுக்காதவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.)

பெட்டி தொழிற்சாலைக்குப் போனது. அதற்குப் பின், மிதித்தால் தாளம் போடும் பலகை, ஊதினால் நரம்புக்கருவி போல அழும் குழல் என்று அவள் செய்துகொண்டே இருந்தாள். விற்பனைக்குப் போன பெட்டிகளில் அந்தக் குமிழுக்கு 'அறை' என்று பெயர். முதல் பெட்டியில் மட்டும் 'அண்ணி'.

தூசி தட்டும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். அவள் வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நான் சொல்லாத நன்றியும் ஒன்று உண்டு. இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டின் மற்ற அறைகளில் நான் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். அந்த ஒரு அறையில் மட்டும் இருந்தால் போதும், இல்லாவிட்டால் பாட்டு கெட்டுவிடும் என்றார்கள். புதிதாக வந்த மருமகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

6

மேற்பார்வையாளர் மறுபடி அழைத்தார். நாற்காலிக் கதையைச் சொன்னேன். விழாவில் கம்பியே வாசிக்கிறாள். குமிழைப் பக்கத்தில் யாரும் இல்லாத அளவுக்குத் திருப்பி வைப்பதா, பக்கத்தில் நாற்காலி போடுவதா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"அந்தக் குமிழை நீ திருப்பினதே இல்லையா?" என்று இவளைக் கேட்டேன்.

"எதுக்குத் திருப்பணும்? நீங்கதான் உட்கார்ந்திருந்தீங்களே."

"எனக்கு ஒரு ஆசை கம்பி."

"என்ன?"

"முன்னாடி வரிசையில உட்கார்ந்து கேக்கணும். ஸ்பீக்கர் எனக்கு எப்பவும் முதுகைக் காட்டியே பாடிச்சு. எல்லாருக்கும் எப்படிக் கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

காது மெஷினைக் கழற்றுவாள் என்று நினைத்தேன். அழுத்தி மாட்டிக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"அசையாதீங்கன்னு சொன்னியே."

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

"சரி, நீங்க முன்னாடி போங்க. ஆனா நாற்காலி காலியா இருந்தா எனக்குக் கை ஓடாது. யாரையாவது உட்கார வைங்க. ஆளுக்குத் தகுந்த மாதிரி துளி திருப்பிக்கிறேன்."

யாரைக் கூப்பிடுவது என்று இந்தப் பக்கம் வரைக்கும் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். இவ்வளவு நேரம் என் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

வாருங்கள். நாற்காலி கொஞ்சம் ஆடும், பயப்படாதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளத் துணி இருக்கிறது. நான் முன்வரிசைக்குப் போகிறேன். அவள் குமிழைத் தொடுகிறாள். கையைத் தூக்குகிறாள். உங்களுக்கு மூக்கு அரித்தால்—