தூக்கத் தாள்

தொட்டிலக்கா என்றால் அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் தெரியாதவர் கிடையாது. ஒரு வயது நிரம்பாத ஒன்பது வாண்டுகளையும் ஒன்பது கம்பித் தொட்டில்களையும் பதினோரு வருஷமாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவள் அவள். அழுகைச் சத்தத்தை வைத்தே பசியா, ஈரமா, வெறும் வீம்பா என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அத்தனை வருஷம் பிள்ளை பார்த்தவளுக்கு அதுகூட இல்லாமல் எப்படி?

அறைச் சுவரில் விதிமுறைகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மூன்று குழந்தைக்கு ஒரு ஆள். தூங்கும் குழந்தையை மல்லாத்திப் போட வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டில் தொட்டிலாகக் குனிந்து, மூச்சு சீராக இருக்கிறதா, புரண்டு கவிழ்ந்துவிட்டதா என்று பார்த்துத் தாளில் டிக் போட வேண்டும். அதற்குத் தூக்கத் தாள் என்று பெயர்.

ஒன்பது குழந்தைக்கு மூன்று ஆள் என்ற கணக்கில், தொட்டிலக்கா ஒன்று, அவளோடு வேலை பார்த்த நெட்டை இரண்டு, நிர்வாகியான மேடம் மூன்று. மேடம் அந்த அறைக்கும் ஆள், பக்கத்து அறைக்கும் ஆள், சமையலறைக்கும் ஆள். காகிதத்தில் அவரைப்போல் ஓடியாடி உழைத்தவர் உலகத்திலேயே கிடையாது.

பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை தூக்க நேரம். ஒரு குழந்தைக்குப் பன்னிரண்டு டிக் என்றால் ஒன்பது குழந்தைக்கு நூற்றெட்டு. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் புட்டிகளைக் கொதிக்கவைக்க வேண்டும், துணி மடிக்க வேண்டும், தானும் ரெண்டு வாய் சாப்பிட வேண்டும். அதனால் விளக்கை அணைத்ததும் இரண்டு மணி வரைக்குமான கட்டங்களை ஒரே மூச்சில் டிக் போட்டு முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. யார் ஆரம்பித்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. நெட்டைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது தொட்டிலக்காதான். அதற்காகக் குழந்தைகளைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று அர்த்தமில்லை. தொட்டிலக்காவின் காது எப்போதும் தொட்டில் பக்கம்தான் இருக்கும். ஒரு முனகல் கேட்டாலும் எழுந்து போய்விடுவாள். எழுந்து போகக் காது போதும், கண் எதற்கு என்று இருந்துவிட்டாள்.

ஒரு தடவை, காப்பகங்களைச் சோதித்துப் பார்க்கிற தர ஆய்வாளர் மறுநாள் வருவதாக இருந்தது. மேடம் காலையிலிருந்து காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தார். பெரிய பிள்ளைகள் அறையில் சுவர்ப் படங்கள் ஒட்ட நெட்டையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். தொட்டிலக்காவிடம் ஒரு கட்டு ஏட்டைக் கொடுத்தார்.

"ஒவ்வொரு குழந்தையும் என்னென்ன புதுசா கத்துக்கிச்சுன்னு எழுதணும். மூணு மாசமா காலியா கிடக்கு. தூங்குற நேரத்துல உக்காந்து முடிச்சிடு."

"ஒன்பது பேருக்கும் ஒரே நாள்லயா மேடம்?"

"பின்ன, அந்தம்மா வந்து நிக்கறப்ப நான் என்ன முழிக்கறதா?"

ஆறாவது தொட்டில் ஐந்து மாசப் பையனுடையது. அவனைக் குண்டுமணி என்று கூப்பிடுவார்கள். அன்று காலை மூக்கடைப்போடு வந்திருந்தான். உடம்பு சரியில்லாத பிள்ளையைச் சேர்க்கக்கூடாது என்பது விதி. அவனுடைய அம்மா, ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள், வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். "லேசான சளிதான்க்கா. இன்னைக்கு லீவு கேட்டா வேலையே போயிடும்." தொட்டிலக்காவும் வாங்கிக்கொண்டாள். பாவம் பார்த்துத்தான் வாங்கினாள்.

படுக்கப் போட்டதும் அவன் மூச்சு குறுகுறுவென்று அறை முழுக்கக் கேட்டது. பன்னிரண்டு இருபதுக்கு ஒரு தடவை போய்க் குனிந்து, மூக்கைத் துடைத்துவிட்டு வந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். வெளிச்சம் அங்கேதான் இருந்தது. இரண்டாவது தொட்டில், கைதட்டுகிறாள். மூன்றாவது தொட்டில், ஊர்ந்து கதவுவரை போகிறான். முதுகுக்குப் பின்னால் குறுகுறு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

நாலாவது தொட்டிலை எழுதிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் நின்றது. அப்பாடா, மூக்கடைப்பு விட்டுவிட்டது, இனி நன்றாகத் தூங்குவான் என்று நினைத்தாள். நினைத்தது மட்டுமல்ல, மனசு லேசாகிக் காலை நீட்டி உட்கார்ந்தும்கொண்டாள்.

ஐந்தாவதை முடித்து ஆறாவது தொட்டிலுக்கு வந்தாள். 'மல்லாந்த நிலையிலிருந்து தானாகக் கவிழ்ந்து படுக்கிறான்' என்று எழுதினாள். போன வாரம்தான் அதைக் கற்றிருந்தான். திரும்பவும் மல்லாக்கத் தெரியாது. 'திரும்ப மல்லாக்க இன்னும்' என்பது வரைக்கும் எழுதிய கை அப்படியே நின்றது. எழுந்து ஓடினாள்.

அவன் கவிழ்ந்து, முகத்தை மெத்தையில் புதைத்துக் கிடந்தான். அப்போது மணி ஒன்று ஐந்து. திருப்பிப் போட்டாள், வாயில் ஊதினாள், பயிற்சியில் சொன்னபடி இரண்டு விரலால் நெஞ்சை அழுத்தினாள். அலறல் கேட்டு நெட்டை ஓடிவந்தாள். ஒன்று பன்னிரண்டுக்கு ஆம்புலன்ஸ் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. பயனில்லை.

அறையில் மற்ற எட்டும் ஒன்றையொன்று பார்த்து அழுதுகொண்டிருந்தன. மேடம் வந்து முதலில் எடுத்தது தூக்கத் தாளைத்தான். பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆறாவது தொட்டிலுக்கு எதிரே ஒன்று இருபது, மல்லாந்த நிலை, மூச்சு சீர். ஒன்று முப்பதுக்கும் சீர். இரண்டு மணி வரைக்கும் வரிசையாகச் சீர். ஆம்புலன்ஸில் போன பிள்ளை இன்னும் அந்தத் தாளில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"புதுத் தாள் எடு. ஒரு மணி வரைக்கும் டிக் போடு. அதோட நிறுத்து."

"மேடம், ஒரு மணிக்கு நான் பாக்கலியே."

"பன்னெண்டு மணிக்கே இதெல்லாம் பாத்தியா? அப்ப மட்டும் கை கூசலியா?" மேடம் கதவைச் சாத்தினார். "நான் உனக்காகத்தான் சொல்றேன். இந்தக் காப்பகத்தையே மூடிட்டா மத்த பிள்ளைங்க எங்க போகும், நீ எங்க போவ? யோசி."

தொட்டிலக்கா யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் யோசிக்கிற நிலையில் யார் இருப்பார்கள் என்று கேட்கலாம். ஆனால் கை மட்டும் பிசகாமல் வேலை செய்தது. ஒன்பது வரிசை, வரிசைக்கு ஆறு டிக், மொத்தம் ஐம்பத்து நாலு. பழைய தாளை மேடம் நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சொன்னபடி தர ஆய்வாளர் வந்தார். கண்ணாடி போட்ட, தணிந்து பேசுகிற அம்மாள். தாளை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தொட்டிலக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு மணிக்குப் பாத்தப்ப நல்லா இருந்தானா?"

"நல்லா இருந்தான்."

அவ்வளவுதான். பத்து நாளில் அறிக்கை வந்தது. விதிமுறைகள் பின்பற்றப்பட்டிருக்கின்றன, ஐந்து நிமிஷ இடைவெளியில் நடந்ததைத் தடுத்திருக்க வழியில்லை என்று எழுதியிருந்தது. மருத்துவமனையில் காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்றார்கள். குழந்தையின் ரத்தத்தில் பெரியவர்களுக்கான சளி மருந்து கொஞ்சம் இருந்தது என்றும் சொன்னார்கள்.

வீட்டில் தொட்டிலக்கா புருஷனிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், அதிகம் பேசமாட்டான். "நடந்தது நடந்துபோச்சு. நீ வாயத் தொறந்தா அந்தப் புள்ள எழுந்து வரப்போகுதா? உள்ள புடிச்சுப் போட்டுருவாங்க" என்றான். அவன் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து வேலையில் அவள் உட்காரவே இல்லை. தூக்க நேரம் முழுக்கத் தொட்டில் தொட்டிலாகக் குனிந்து, நல்லாத் தூங்குகிற பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டு எழுப்பி அழவிட்டாள். நெட்டை தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம், குண்டுமணியின் அம்மா வந்தாள். அவனுடைய பையை வாங்கிப்போக வந்திருந்தாள். இரண்டு சட்டை, ஒரு புட்டி, பாதி தீர்ந்த பவுடர் டப்பா. ஆள் பாதியாகியிருந்தாள். மேடம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பூப்போல் பேசினார். தொட்டிலக்கா பையைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு நகரப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். உங்ககிட்டதான் சொல்லணும்னு வந்தேன். நீங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு வாட்டி பாத்திருக்கீங்க. ஒரு மணிக்குக்கூடப் பாத்திருக்கீங்க. பெத்தவகூட அப்படிப் பாக்கமாட்டா. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

தொட்டிலக்கா கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

"நான்தான்க்கா. காலையில மூக்கடைப்பா இருந்தானேன்னு எங்க வீட்டுக்காரர் குடிக்கிற மருந்த அரை ஸ்பூன் குடுத்தேன். உங்ககிட்ட சொன்னா சேத்துக்கமாட்டீங்கன்னு மறைச்சேன்." அவள் அழவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "அத்தை என்கூடப் பேசறதில்ல. என் கையால தண்ணிகூட வாங்கறதில்ல. அவரும் ஒரு வார்த்த திட்டல, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்துக்கறாரு. அவங்க சொல்றதும் நியாயம்தானே. இங்க எல்லாம் சரியா நடந்திருக்கு. அப்ப நான்தானே கொன்னிருக்கேன்."

"அப்படியெல்லாம் மனசப் போட்டுக் குழப்பிக்கக்கூடாதும்மா" என்றார் மேடம். சொல்லிக்கொண்டே தொட்டிலக்காவைப் பார்த்து, நீ போ என்று கண்ணைக் காட்டினார்.

தொட்டிலக்கா போகத்தான் நினைத்தாள். வீட்டில் புருஷன் சொன்னதும் நினைவில்தான் இருந்தது. ஆனால் எதிரே இருந்தவள் அந்தப் பவுடர் டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இவள் இன்னும் நாற்பது வருஷம் இருப்பாள், நாற்பது வருஷமும் இதையே திறந்து மூடிக்கொண்டிருப்பாள் என்று தொட்டிலக்காவுக்குத் தோன்றியது. அந்த நினைப்பைத் தாங்க முடியவில்லை.

"நான் பாக்கலம்மா" என்றாள்.

"ஏய்" என்றார் மேடம்.

"பன்னெண்டு இருபதுக்குப் பாத்தேன். அதுக்கப்புறம் பாக்கல. அவன் கவுந்து கெடந்தான். முக்கா மணி நேரம் யாரும் திருப்பிப் போடல. அந்தத் தாள் பொய். அன்னைக்கே மாத்தி எழுதினது. மூக்குச் சத்தம் நின்னுச்சு, நான் தூங்கறான்னு சந்தோஷப்பட்டேன். எந்திரிச்சு ரெண்டு அடி வச்சிருந்தா போதும், வைக்கல."

"இவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சும்மா, அன்னையிலேர்ந்தே இப்படித்தான்" என்று மேடம் பதறி எழுந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

அடிக்கப்போகிறாள் என்று தொட்டிலக்கா நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் கையைக் கட்டாமல் நின்றாள். அந்த அம்மா அடிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா மூச்சா என்று தெரியாத சத்தம். பிறகு எழுந்து, தொட்டிலக்காவின் மணிக்கட்டை நகம் பதிய இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன?" என்றது ஒரு ஆண் குரல், வேண்டாவெறுப்பாக.

"வீட்டுலதான இருக்கீங்க? அத்தையக் கூப்பிடுங்க. பக்கத்துல வரச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"கூப்பிடுங்கன்னு சொல்றேன்ல!"

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒரு கிழக்குரல் எதுவோ முணுமுணுத்தது. மேடம் போனைப் பிடுங்கக் கையை நீட்டி, நெட்டை வாசலில் வந்து நிற்பதைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்.

அந்த அம்மா போனைத் தொட்டிலக்காவின் வாயருகே பிடித்தாள். மணிக்கட்டை விடவில்லை.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள். "சத்தமா சொல்லுங்க. அவங்களுக்குக் காது கேக்காது."