மருதாத்தாள் சொல்லாத பெயர்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் மருதாத்தாள் வாய் திறந்து எந்தச் சொல்லைச் சொன்னாலும் கேட்பவர் நாக்கில் அதன் ருசி ஏறும். முந்தின வருடம் ஆவணி மாதம் இரண்டாம் சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு இது தொடங்கியது. அதற்கு முன்பு நாற்பத்தெட்டு வருடம் அந்த ருசிகள் அவள் வாய்க்குள் மட்டுமே இருந்தன. சொல்லுக்குச் சொல் நாக்கில் ஒரு ருசி வருவது, பல் முளைப்பதைப் போல எல்லோருக்கும் உள்ளதுதான் என்று நினைத்திருந்ததால் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. பொள்ளாச்சி என்றால் எண்ணெயில் பொரிந்த கறிவேப்பிலை, கோபாலபுரம் என்றால் வறுத்த நிலக்கடலை, செவ்வாய்க்கிழமை என்றால் துருப்பிடித்த ஆணி. வெள்ளம் என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு ருசி. தமிழ் வெள்ளமாகச் சொன்னால் சேறு, மலையாளத்துக்காரர்போல் குடிதண்ணீரை நினைத்துச் சொன்னால் நுங்கு. இரண்டு பாஷையும் ஒரே வாயில் புழங்குகிற ஊரில் இதெல்லாம் ஒரு சங்கதியா என்று விட்டுவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் ஈஸ்வரனிடம் “கோபாலபுரம் ஒண்ணு குடுங்க” என்றாள். ஈஸ்வரன் வாயில் வறுத்த கடலை. பின்சீட்டுவரை ஐம்பத்திரண்டு பேர் வாயிலும் வறுத்த கடலை. ஒருவர் இல்லாத தோலை ஊதக்கூடச் செய்தார். பஸ்ஸே திகைத்து நிற்க, மருதாத்தாளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். “அப்ப உங்களுக்கும் தெரியுதுங்களா?” என்று கேட்டவள் டிக்கெட்டை வாங்க மறந்து, தெரிந்த ஊர்ப்பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். வண்டித்தாவளத்துக்குப் பச்சைப் புளியங்காய், சித்தூருக்குச் சூடான வெல்லப்பாகு. செக்போஸ்டில் சோதனை போட ஏறியவர்கள் சோதனையை விட்டுவிட்டு அவரவர் சொந்த ஊர்ப்பெயரைச் சொல்லச் சொன்னார்கள். பஸ் நாற்பது நிமிடம் அங்கேயே நின்றது, பயணிகளில் ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு ஊர் அவளை விடவில்லை. ஈஸ்வரனின் பெயர் வடுமாங்காயாக இருந்ததால் அவன் தினமும் தயிர்சாதத் தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்று, “இன்னொருக்கா கூப்புடுங்கக்கா” என்பான். பக்கத்துத் தோட்டத்து மோகனசுந்தரத்தின் பெயர் ஆறிப்போன ரவா உப்புமா. அவர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. மாரியம்மன் சாட்டுத் திருவிழாவுக்கு அவளிடம் மைக்கைக் கொடுத்து, அன்னதானத்துக்குக் காய்கறி கொடுத்தவர்கள் பட்டியலை வாசிக்கச் சொன்னார்கள். நூற்றுப்பதினேழு பெயர். குழாய் ரேடியோ எட்டும் தூரம்வரை எல்லோரும் நூற்றுப்பதினேழு பதார்த்தம் ருசித்தார்கள். பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை. சமைத்த சாம்பார் அண்டா அண்டாவாக மிஞ்சியது.

ருசி ஏறாதவர் ஒரே ஒருவர்தான், அவள் புருஷன் சின்னையன். மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் போகும்போது அவருடைய மணத்தையும் ருசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தது. கோயமுத்தூர் வரை காட்டியாயிற்று. தானாக வரும் என்றார்கள், வரவில்லை. முன்பெல்லாம் மூன்று வேளையும் உப்பைக் குறை சொல்லாமல் தட்டை விட்டு எழாத மனிதர். அதற்காக இருபத்தாறு வருடம் அவரோடு மல்லுக்கு நின்றவள் அவள். இப்போது எதை வைத்தாலும் இரண்டு வாய் தின்றுவிட்டு, “நல்லாருக்குது” என்று எழுந்துவிடுவார். சட்டை தொளதொளத்தது. வரப்பில் பாதி தூரம் நடந்ததும் உட்கார்ந்துகொண்டார். ஊருக்கெல்லாம் பந்தி போடும் வாய், வீட்டு மனிதருக்கு ஒரு பருக்கை ஊட்ட முடியவில்லையே என்று அவள் அழுதாள். தனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் அவர் காதருகே சொல்லிப் பார்த்தாள். மகளின் பாடப்புத்தகத்தை எடுத்துத் தெரியாத சொற்களையும் எழுத்துக்கூட்டிச் சொன்னாள். “மண்ணாட்டந்தான் இருக்குது, உட்ரு” என்றார் அவர்.

“அம்மா, ஒரு பேரை மட்டும் நீ சொல்லவே இல்ல” என்றாள் மகள் தமிழ்ப்ரியா.

மருதாத்தாள் காதைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. அதனால் அதன் ருசி அவளுக்கே தெரியாது. இருபது வருடத்துக்கு முன்னால் வீடு வீடாக ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் புருஷன் பெயரைக் கேட்டபோதுகூட, “அவிய…” என்று தொடங்கி மீதியை விழுங்கிவிட்டாள். அவிய என்றால் இந்தப் பக்கத்தில் ‘அவர்’. எழுத வந்தவரோ மேற்கேயிருந்து வந்த மலையாளத்துக்காரர். மதியச் சாப்பாட்டு நேரம் வேறு. அவர் ‘அவியல்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து கார்டில் சின்னையன் அவியல்தான். ரேஷன் கடைக்காரர் “அவியல் வந்தாச்சா?” என்று கூப்பிடுவதும் அவர் முறைப்பதும் வழக்கமாகிப்போனது.

இந்த வைகாசியில், ஆதாரும் கார்டும் ஒத்துப்போகாவிட்டால் பெயர் அடிபட்டுவிடும் என்றார்கள். மூவரும் கடைவீதிக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார்கள். ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். சின்னையனைச் சுவரோரம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். குடும்பத்தலைவி மருதாத்தாள் என்பதால் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நிமி என்ற பெண் புருஷன் பெயரை அவளிடம்தான் கேட்டாள். “சேச்சி, பர்த்தாவின்றெ பேரு?”

தமிழ்ப்ரியா பதில் சொல்ல வாயெடுத்தாள். மருதாத்தாள் கையைக் காட்டி அவளைத் தடுத்தாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. சொன்னால் ஆயுசு குறையுமோ என்னவோ, சொல்லாமலே குறைந்துகொண்டிருப்பதைத்தான் மூன்று வருடமாகப் பார்க்கிறாளே. கண்ணை மூடிக்கொண்டாள்.

“சின்னையன்” என்றாள்.

முருங்கைக்காய், சேனை, வாழைக்காய், புளித்த தயிர், பச்சைமிளகாயோடு அரைத்த தேங்காய், மேலே பச்சைத் தேங்காயெண்ணெய். நிமி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவியலேதான். அதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்த சூசையப்பன் மட்டும், இருபது வருடத்துக்கு முன்னாலேயே இதைச் சரியாக எழுதிக்கொண்டு போன அந்த மனிதர் யார் என்று விசாரித்தார்.

சின்னையனின் தாடை மெல்ல அசைந்தது. எதையோ மென்றார், விழுங்கினார், நாக்கால் உதட்டைத் தடவினார்.

“உப்பு கொஞ்சம் கம்மியாட்ட இருக்குதே, மருதா” என்றார்.

அவள் அங்கேயே, அத்தனை பேருக்கு முன்னால், ஓவென்று அழுதுகொண்டே சிரித்தாள். “இத்தனை வருசமாச்சு, இன்னும் குத்தஞ்சொல்றது போகலையாக்கும்!” என்று திட்டினாள். திட்டு அவர் காதில் லட்டாக விழுந்தது. “இன்னொருக்கா பேரைச் சொல்லு” என்றார் அவர். அவள் சொன்னாள். நிமிக்கு அன்று மத்தியானம் சாப்பாடு தேவைப்படவில்லை.

கார்டில் பெயரை மாற்றவில்லை. இருப்பது சரிதான் என்று சின்னையனே சொல்லிவிட்டார், ஆதாரில் அவியல் என்று திருத்த எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது மூன்று வேளையும் தட்டு வைத்ததும் மருதாத்தாள் வாசலில் நின்று புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அவர் இரண்டாம் சோறு வாங்கிச் சாப்பிடுகிறார். தெருவில் யாரும் தனியாக அவியல் வைப்பதில்லை. மோகனசுந்தரம் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் தட்டோடு உட்கார்ந்து, கூப்பிடும் குரல் கேட்டதும் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிக்கொள்கிறார்.