டெவ்லின் வீட்டார்

அயர்லாந்தின் வோட்டர்போர்டிலிருந்து கடிதம் வந்த சனிக்கிழமை, பேனாட் அதைப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் கேட்டார். இருபத்திரண்டு வருடமாக அவரோடு குடும்பம் நடத்துகிறேன். சாப்பாட்டுக்குக்கூட அவர் இப்படிப் பொறுத்திருந்ததில்லை.

டெவ்லின் என்பது பேனாட் ஆட்களின் குடும்பப் பெயர். இங்கே நோர்வேயில், ரொம்சோவில் எங்கள் தபால் பெட்டியிலும் அதுதான். யாழ்ப்பாணத்தில் நூற்றைம்பது வருடத்துக்கு முன் கடை வைத்திருந்த தோமஸ் டெவ்லின் என்ற ஐரிஷ் வியாபாரியின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆதாரம், ஊர்க் கத்தோலிக்கக் கோயில் பதிவேட்டிலிருந்து எழுதியெடுத்த ஒரேயொரு பெயர்: அந்தோனி டெவ்லின். அந்தோனி பேனாட்டின் பூட்டனார். எங்கள் ஆட்களுக்குப் பெயரோடு சேர்ந்து நிற்பது தகப்பன் பெயர்தானே. ஆகவே டெவ்லின் அந்தோனியின் தகப்பன். ஒருவரும் சந்தேகப்படவில்லை. பேனாட் கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டாக நின்று, "இது அந்த மூக்குத்தான்" என்பார். மூன்று குளிர்காலமாக வேலை முடிந்து நூலகத்துக் கணினியில் குந்தியிருந்து, டெவ்லின் வீட்டாரின் பிறப்பு, கலியாணம், கப்பற்பயணம் எல்லாம் தேடி, கடைசியில் அந்த வம்சத்தில் மிஞ்சியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் கண்டுபிடித்து எழுதிக் கேட்டார். அவருடைய பதில்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. எங்கள் மகள் ஆரணி, அனுஷனைத்தான் கட்டுவேன் என்று சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அனுஷனின் தகப்பன் றெஜினோல்ட் நல்ல மனிதர். ஆனால் அவருடைய தகப்பன் ஊரில் யாரோ வீட்டில் சமையலுக்கு நின்றவர். அதை விசாரித்து அறிந்ததும் பேனாட்டின் முகம் கோணிவிட்டது.

"கடிதம் வரட்டும். நாங்கள் ஆர் எண்டு அதைக் காட்டியே அவருக்கு விளங்கப்படுத்துறன்" என்றார்.

நாளைக்குப் பூசை முடிய றெஜினோல்ட் பதில் கேட்டு வருவார். ஆரணி ஒரு கிழமையாகத் தகப்பனோடு கதைக்கவில்லை.

தேநீரைக் குடித்துவிட்டு அவளையே கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினார். அவளுடைய வாயாலேயே வரட்டும் என்று நினைத்திருப்பார். அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். 1871இல் தோமஸ் தன் கையால் எழுதிய வீட்டார் பட்டியலை ஆசிரியை பார்த்தெழுதி அனுப்பியிருந்தார். மனைவி மார்கிரெட். மூன்று பிள்ளைகள்; மூவரும் பிறகு அயர்லாந்துக்குத் திரும்பி அங்கேயே அடக்கம் என்று ஆசிரியை பக்கத்தில் குறித்திருந்தார். எழுத்துவேலைக்கு ஒருவர். அத்தோடு அவள் தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாசியன்."

"குதிரைக்காரன் அந்தோனி. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனா நிண்டது நான். என்ர பேரையும் அவனுக்குக் குடுத்தனான்."

எனக்கு முதலில் வந்தது சந்தோசம். வெட்கமில்லாத, வயிறு குளிர்ந்த சந்தோசம். இருபத்திரண்டு வருடம் அந்த மூக்கோடு சீவித்தவள் நான். பிறகுதான் அவரைப் பார்த்தேன். கடிதத்தை வாங்கி, அந்த ஒரு வரியில் விரலை வைத்தபடி இருந்தார். பாவமாக இருந்தது.

"கிழிச்சுப்போட்டா ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. ஆரணி என்னை முறைத்தாள்.

அவர் கிழிக்கவில்லை. கடிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பிள்ளை, அந்தோனிக்குப் பெஞ்சாதி பிள்ளையள் எண்டு ஏதும் எழுதியிருக்கோ பார்."

"மனுசி மரியாள். நாலு பிள்ளையள். குதிரை லாயத்துக்குப் பின்னாலை இருந்தவையாம்."

"நாலோ?" என்றார். "எனக்கு ரெண்டு பேரைத்தான் தெரியும்."

ஆரணி கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"நாளைக்கு அவருக்கு என்ன சொல்லப்போறியள், அப்பா?"

"நாளைவரைக்கும் ஏன்?" என்று தொலைபேசியை எடுத்தார். றெஜினோல்டின் இலக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும், கதிரையை விட்டு மெல்ல எழும்பி நின்றுகொண்டார்.