இருநூற்றுப் பதின்மூன்றாம் எண்

மூன்று மாதமாக என் மாமியாருக்கு நான்தான் தலை பின்னிவிடுகிறேன். அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழுவதில்லை.

"மாப்பிள்ளை, மூணாப் பிரிச்சுப் பின்னணும். நீங்க கயிறு திரிக்கிறீங்க."

"நேராத்தான் இருக்கு அத்தை."

"எந்தப் பக்கம் நின்னு பாத்தா?"

வகிடு நடுவில் வரவேண்டுமே என்று ஒருநாள் என் வேலைக் கருவியைக் கொண்டுவந்து காதுக்குக் காது அளந்தேன். அது செத்தவர்களின் எலும்பை அளக்கும் கருவி என்று தெரிந்ததும் அத்தை இரண்டு முறை தலைக்குக் குளித்தார். இரண்டு முறையும் நானே துவட்டினேன்.

மருத்துவக் கல்லூரியில் எலும்பறை என் பொறுப்பு. அங்கே தோள்பட்டை எலும்புகளை அளந்து எழுதுகிறேன். அந்த எலும்பின் மேல்விளிம்பில் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கும். அதன் வழியாக ஒரு நரம்பு கையைத் தூக்கும் தசைக்குப் போகிறது. பள்ளத்தின் வாயை ஒரு நார் மூடியிருக்கும். பள்ளம் சிலருக்கு ஆழம், சிலருக்கு அகலம், சிலருக்கு இல்லவே இல்லை. அபூர்வமாகச் சிலருக்கு அந்த நாரே எலும்பாக இறுகிவிடும். அப்போது பள்ளம் ஓட்டையாகிவிடும். ஓட்டை எலும்புக்குச் சிவப்பு வட்டம் ஒட்டி எண் எழுதுவது என் வழக்கம். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு எலும்பு பார்த்திருக்கிறேன். பதினொன்றுக்குச் சிவப்பு.

என் மனைவி இறந்து எட்டு மாதம். அப்போது வந்த அத்தை ஒவ்வொரு வாரமும் பெட்டி கட்டினார். பெட்டியைத் தூக்கும் கைதான் சண்டி செய்தது.

"கை சரியானா மறுநாளே கிளம்பிடுவேன். எங்க தெருவுல ஒழுங்காத் தலை பின்னுறவங்க இருக்காங்க."

அவர் போனால் வீட்டில் என்னைத் திட்ட ஆள் இல்லை.

நரம்பு நெருக்கப்படுகிறது என்றார் சர்ஜன். நாரை வெட்டிவிட்டால் போதும், கத்தரியால் ஒரே வெட்டு. ஸ்கேன் அறிக்கையில் 'வேறுபாடு எதுவுமில்லை' என்று எழுதியிருந்தது.

அறுவைக்கு முதல்நாள் மதியம் அந்த ஸ்கேன் படத்தை எலும்பறையின் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். பள்ளம் இல்லை. ஓட்டை. சர்ஜன் தேடும் நார் அங்கே இருக்காது. கத்தரி எலும்பில் வழுக்கும். வழுக்கினால் அடியில் நரம்பு. நரம்பு போனால் கை போயிற்று.

பேசாமல் இருந்தால் அத்தை ஊருக்குப் போகமாட்டார் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சர்ஜனின் அறையில் அத்தை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஊசி போட்ட கையை ஊதிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், இது பள்ளமில்ல. ஓட்டை."

"ரிப்போர்ட்ல அப்படி இல்லையே."

"எழுதினவர் மேல்விளிம்பை விட்டுட்டார்."

"தம்பி, நீங்க செத்தவங்களைப் பாக்குறவர்."

"ஆமா டாக்டர். அவங்க அசைய மாட்டாங்க. தெளிவாத் தெரியும்."

சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மூலையில் கண் நின்றது.

"இதென்ன சிவப்பா? இருநூத்துப் பதிமூணு?"

கைப்பழக்கம். எப்போது ஒட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"மாமியாரை ஸ்டாக்குல சேத்துட்டீங்களா?"

அத்தை என்னைப் பார்த்தார். "நான் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்பிள்ளை. அலமாரியில இடம் போட்டாச்சா?"

"பழக்கதோஷம் அத்தை."

"தோள்ல ஓட்டையாமே, எவன் போட்டான்?"

"யாரும் போடல. உங்க எலும்பு அப்படி."

"அப்போ பள்ளம் இருக்கறவங்க என்னைவிட ஒசத்தியா?"

"உங்க மாதிரி நூத்துக்கு அஞ்சு பேர்தான்."

"அதைச் சொல்லுங்க முதல்ல" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சர்ஜன் சிரித்தபடியே பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. நர்ஸைக் கூப்பிட்டு, "நாளைக்குக் கத்தரி மட்டும் போதாது. எலும்பைக் கடிக்கிற குறடும் எடுத்து வைங்க" என்றார்.

மறுநாள் குறடு கடித்தது. வெளியே வந்த சர்ஜன், "கத்தரியோட மட்டும் உள்ள போயிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பிறகு பயிற்சி. சுவரில் விரல்களால் ஏற வேண்டும். எட்டிய உயரத்தில் தினமும் பென்சிலால் கோடு போட்டேன். தோள், கழுத்து, காது என்று கோடுகள் ஏறின. ஆறாவது வாரம் புருவத்தில் நின்றன.

"இதுக்கு மேல ஏறல மாப்பிள்ளை."

பத்து நாளும் புருவம்தான். சர்ஜனைக் கேட்டேன். நரம்பு நன்றாக இருக்கிறது, இந்நேரம் தலைக்கு மேல் போயிருக்க வேண்டுமே என்று அவரும் யோசித்தார்.

அன்று வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். அத்தை வழக்கம்போல் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"எழவே மாட்டேங்குது. பின்னிவிடுங்க."

வகிடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. என் கையால் அப்படி ஒரு வகிடு வந்ததே இல்லை. கட்டிவைத்த பெட்டி எங்கே என்று பார்த்தேன். பரண்மேல் இருந்தது. நான் ஏற்றவில்லை; அங்கே வைக்க நானே கையை முழுக்க நீட்ட வேண்டும்.

நான் சீப்பை வாங்கிக்கொண்டேன்.

"இன்னும் நிறைய மாசம் ஆகும் அத்தை."

"நீங்க என்ன டாக்டரா?"

"இருநூத்துப் பதிமூணு என் பொறுப்பு."

அத்தை தலையை என் பக்கம் சாய்த்துக் கொடுத்தார்.

"சரி சரி. மூணாப் பிரிங்க. கயிறு திரிக்காதீங்க."