பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே கூரை

நிலக்ஷி கதையில் மழை எழுதினால் லயத்தின் பன்னிரண்டு காம்பராக்களிலும் ஒழுகும். டிக்கோயாவுக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நடுச்சுவர்கள் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுவிட்ட பழைய லயம் அது; ஒரே நீளக் கூரைக்குக் கீழே காம்பராவுக்கு ஒரு தொழிலாளர் குடும்பம். அடுத்த வீட்டு இருமலும் சண்டையும் வருகிற அதே சந்து வழியாக, மூன்றாம் காம்பராவில் அவள் எழுதுவதும் வந்தது. கூரை முடிகிற இடத்தில் அதுவும் முடிந்துவிடும்.

மற்ற எழுத்தாளர்கள் வாசகரைத் தேடி அலைவார்கள். இவளுடைய வாசகர்கள் சட்டியும் கையுமாக வந்து நிற்பார்கள். அவள் நெத்தலிக் குழம்பு எழுதிய மத்தியானம், பதினொரு வீட்டில் வெறும் ரொட்டி ருசியாக இறங்கியது. ஒருமுறை தூறல் போதும் என்கிற இடத்தில் ஆசைப்பட்டுப் பேய்மழை என்று போட்டுவிட்டாள். பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு நனைந்த மெத்தையைக் கொண்டுவந்து நிலக்ஷியின் வாசலில் காயப்போட்டாள். சொற்சிக்கனத்தை நிலக்ஷி எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

ஆனால் அவள் எழுதவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன், அவர்கள் அப்போது குடியிருந்த மேல் லயத்தில் மண் சரிந்த காலை, எல்லோரும் தப்பி வெளியே வந்த பிறகு, "ஐயோ, என் நோட்டுப் பை" என்று சொன்னது அவள்தான். தம்பி தனுஷன் திரும்பி ஓடினான். பத்தொன்பது வயது. அவனும் கிடைக்கவில்லை, பையும் கிடைக்கவில்லை. அதை எழுதினால் பன்னிரண்டு வீட்டிலும் மண் இறங்கும். எழுதாமலிருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. கடைசி ஒரு வருடம் பேனாவையே தொடவில்லை. லயம் காய்ந்து கிடந்தது.

அம்மாக்கண்ணுதான் வந்து சொன்னாள். "புள்ள, ஞாயித்துக்கெழம எல்லாரும் சாமானத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போறோம். நீ எழுது."

"காம்பரா எல்லாம் மூடிப்போயிருமே, அத்தே."

"மண்ணு வாரத் தெரியாதவங்களா நாங்க?"

மழைக்காலம்தோறும் மண்சரிவு எச்சரிக்கை வந்ததும் மூட்டை கட்டிப் பழகிய சனம். டீவி முதலில், அடையாள அட்டைகள் அடுத்து, கோழிகள் கடைசியில் என்று ஒழுங்காகக் கிளம்பிப் போனார்கள். நிலக்ஷி மேசையை வாசலுக்கு இழுத்து, நோட்டு கூரைக்குள்ளும் தான் வெளியிலுமாக உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை எழுதினாள். தேயிலை வேர் வாசனையோடு மண் சத்தமில்லாமல் வந்து, ஜன்னல் உயரத்துக்கு நிறைந்து, கூரை ஓரத்தில் நின்றது.

நாலு நாள், கொழுந்து பறித்து வந்த கையோடு எல்லோரும் மண்வெட்டி பிடித்தார்கள். மூன்றாம் நாள் ஏழாம் காம்பராவில் பை அகப்பட்டது. ஜிப் மூடியே இருந்தது; உள்ளே நோட்டுகளில் ஈரமில்லை. நிலக்ஷி அதை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது வருடத்து அழுகையையும் அழுதாள். யாரும் அவளைத் தேற்ற வரவில்லை. பக்கத்திலேயே மண் வாரிக்கொண்டிருந்தார்கள்.

"மிச்சத் தாள்ல தம்பிக்கு ஒரு கல்யாணம் எழுது," என்றாள் அம்மாக்கண்ணு. "இந்தத் தடவ நாங்க உள்ளயே இருக்கோம்."

அடுத்த ஞாயிறு மேளச் சத்தம் கேட்டதும் பன்னிரண்டு காம்பராக்களிலும் இலை போட்டார்கள். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை கொஞ்சம் மெலிந்துவிட்டான் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.