கறுப்புப் பட்டையில் மூன்று பொட்டு

சுவரில் பதித்திருந்த அந்தப் பெட்டி பவுனம்மாளின் அட்டையை உள்ளே இழுத்தது, ஒரு நொடி யோசித்தது, பிறகு பிடிக்காத சோற்றை நாக்கால் தள்ளும் குழந்தையைப் போல மெதுவாக வெளியே துப்பியது. சின்னக் கண்ணாடித் திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. அது பிரெஞ்சு. அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தம் பத்துச் சொற்கள். அதில் ஒன்றுகூட அந்த வரியில் இல்லை. அட்டையை எடுத்து முந்தானையில் துடைக்கப் போனவள், துடைக்காமல் அப்படியே கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பாரிஸ் விமான நிலையத்தின் அந்த உருண்டைக் கட்டடத்துக்குள் அவள் வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. 1987, மாசி மாதம். கண்ணாடிக்கு வெளியே பகலும் இல்லாமல் இரவும் இல்லாமல் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம். பனி எப்படி இருக்கும் என்று அவளுக்கு முன்பே தெரியும். வில்லியனூர் நூலகத்தில் இருந்த மொழிபெயர்ப்பு நாவல்கள் அத்தனையும் ஒதியம்பட்டில் அவள் புகுந்த வீட்டுக்கு வந்து போனவை. அந்த நாவல்களில் பெண்கள் ரயிலிலிருந்து இறங்கினார்கள், கையுறையைக் கழற்றினார்கள், வண்டிக்காரனுக்குக் காசு கொடுத்தார்கள். அந்தக் காசு எங்கேயிருந்து வந்தது என்று மட்டும் எந்த நாவலிலும் எழுதியிருக்கவில்லை.

அவளுடைய காசு சுவரிலிருந்து வரவேண்டும். அப்படித்தான் தங்கவேல் எழுதியிருந்தான். அவளைக் கட்டியவன். அவன் அப்பா காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்ட குடும்பம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவன் இங்கே வந்து இரண்டு வருடம். டயர் தொழிற்சாலையில் வேலை கிடைத்து எட்டு மாதம். அன்றைக்கு அவனுக்கு லீவு இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வா, சுவரில் பணம் தரும் மிஷின் இருக்கும், அட்டையைப் போட்டு நாலு எண்ணை அழுத்து, இருநூறு பிராங்க் எடு, வாசலில் பஸ் நிற்கும், கடைசி நிறுத்தத்தில் இறங்கு, மூன்று மணிக்கு அங்கே நிற்பேன். எண் அவர்களுடைய கல்யாணத் தேதி. அட்டையை லீவில் ஊருக்கு வந்த நண்பன் ஒருவன் கையில் கொடுத்தனுப்பியிருந்தான். கடிதத்தின் கடைசியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. ‘இங்கே எல்லாத்துக்கும் கூட ஒரு ஆள் வராது. முடியும் என்றால் வா, இல்லாவிட்டால் இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்.’ பவுனம்மாள் அதற்கு ஒரே ஒரு சொல்லில் பதில் எழுதினாள். முடியும். வெளிநாட்டுத் தபால் உறையில் ஒற்றைச் சொல்லுக்கு இவ்வளவு ஸ்டாம்பா என்று தபால்காரர் கேட்டிருப்பார், பிரித்துப் பார்த்திருந்தால்.

எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒதியம்பட்டு வீட்டில் பதினைந்து நாள் ஒத்திகை நடந்தது. கூடத்து ஜன்னல் கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்துவைத்து அதன் பின்னால் நாத்தனார் கனகாம்பாள் நின்றாள். அவள்தான் மிஷின். பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய துண்டு ஒன்றைப் பவுனம்மாள் சந்துக்குள் நுழைத்தாள்.

“நம்பர சொல்லு அண்ணி.”

“சொல்லக் கூடாதுடி. அமுக்கணும்.”

“எங்க அமுக்குவ? என் மூக்குலயா?”

ஜன்னல் கம்பிகளை எண்களாக வைத்துக்கொண்டார்கள். பவுனம்மாள் சரியாகத்தான் தொட்டாள். ஆனாலும் கனகாம்பாள், “தப்பு,” என்றாள். மறுபடியும் தொட்டதும், “அதுவும் தப்பு.” மூன்று முறை தப்பாகப் போட்டால் மிஷின் அட்டையை விழுங்கிவிடும் என்று கடிதத்தில் இருந்ததை அவளும் படித்திருந்தாள். “மூணாவது தப்பு. முழுங்கியாச்சி,” என்று அட்டையை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

“குடுடி கனகா.”

“மிசினு பேசாது.”

“இவ்ளோ நேரம் பேசுன?”

“அது காசு குடுக்கற மிசினு. இது முழுங்கற மிசினு.”

அடுப்பங்கரையிலிருந்து மாமியார் தையலம்மாள் குரல் வந்தது. “அந்த ஊரு மிசினு உன்ன மாரி இருந்தா, என் புள்ள எட்டு மாசமா பட்டினிதான் கெடக்கறான்.”

தையலம்மாளுக்குக் கவலை வேறு. புதிதாக வீட்டுக்குள் வந்த எதையும் மஞ்சள் வைக்காமல் அவள் புழங்க விடமாட்டாள். மண்வெட்டி, சைக்கிள், தையல் மிஷின், கொல்லையில் பம்பு செட்டு எல்லாம் அவள் விரல் பட்டுத்தான் வேலையைத் தொடங்கின. கிளம்புகிற அன்று காலை அட்டையைச் சாமி படத்துக்கு முன்னால் வெற்றிலைமேல் வைத்துக் கற்பூரம் காட்டினாள். மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தவள் அட்டையின் முகப்பைப் பார்த்துத் தயங்கினாள். மகனுடைய பெயர் அங்கே புடைத்துக்கொண்டு நின்றது. “பேர் மறையக் கூடாது,” என்று தனக்கே சொல்லிக்கொண்டு திருப்பினாள். பின்பக்கம் ஒரு கறுப்புப் பட்டை, எழுதாத சிலேட்டைப் போல வெறுமையாக இருந்தது. அதில் வரிசையாக மூன்று மஞ்சள் பொட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். ஃபேனுக்குக் கீழே காயவைத்துக் கைக்குட்டையில் சுற்றித் தந்தபோது, அழக்கூடாது என்று முடிவு செய்திருந்த பவுனம்மாள் பெட்டியின் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

“இன்னா, துப்பிடிச்சா?”

விமான நிலைய வாசல் பக்கத்து நாற்காலியில், இரண்டு பெட்டிகளுக்கு நடுவில், சூசைநாதன் உட்கார்ந்திருந்தார். வில்லியனூர் மாதா கோயில் பக்கத்துக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் என்பதால் ஊரில் அவரைச் சொல்தா என்றே அழைப்பார்கள். பம்பாயில் விமானம் மாறும்போது அவளை அடையாளம் கண்டுகொண்டு, அதிலிருந்து எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே வந்தவர். இந்த ஊரில் இருக்கும் மகன் கார் எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

“துப்பிடிச்சி மாமா.”

“நான் ஏரோப்ளேன்லயே சொன்னன் இல்ல? பேசாம குந்து. பையன் இப்ப வந்துருவான். ஏறிக்க. தங்கவேலுகிட்ட நானே சொல்றன், பொம்பளய மிசினுகிட்ட அனுப்பற வேலைலாம் வெச்சிக்காதன்னு.”

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காரில் ஏறினால் மூன்று மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அந்தக் காரின் கதவைத் திறந்துகொண்டு சூசைநாதன் முதலில் இறங்குவார். தங்கவேல் சிரித்துக்கொண்டுதான் வரவேற்பான். பாவம், அவள் என்ன செய்வாள் என்று நினைத்துக்கொள்வான். அவள் எழுதிய ஒற்றைச் சொல் அந்தச் சிரிப்பிலேயே பொய்யாகிப் போகும். அப்புறம் இந்த ஊரில் எங்கே போவதானாலும் யாராவது ஒருவர் கூட வருவதற்காக ஜன்னலோரம் காத்திருக்கவேண்டியதுதான்.

“இருக்கட்டும் மாமா. வேற மிசினு பாத்துட்டு வரன். பெட்டிய மட்டும் பாத்துக்குங்க.”

“எங்கன்னு போய் பாப்ப? இது இன்னா வில்லியனூர் சந்தையா?”

“ரவுண்டாதான கட்டி இருக்கறான்? ஒரு சுத்து சுத்துனா கெளம்புன எடத்துக்கே வந்துட போறன்.”

சூசைநாதன் அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

அவள் வலது பக்கமாக நடந்தாள். கோயிலில் நடந்து பழகிய காலுக்கு வேறு திசை வராது. திருக்காமீசுவரர் கோயில் பிரகாரத்தைப் போலவே கட்டடம் வளைந்து வளைந்து போனது. சாமிக்குப் பதிலாக நடுவில் வானம். அந்த வெற்றிடத்தின் குறுக்கே கண்ணாடிக் குழாய்கள் மேலும் கீழுமாக ஓட, அவற்றுக்குள் மனிதர்கள் கால் அசைக்காமல் நின்றபடியே ஏறினார்கள், இறங்கினார்கள். யாரும் அவளுடைய அரக்குச் சேலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் அது உறுத்தியது. கால் சுற்று நடந்ததும் அது பிடித்துப்போயிற்று. வில்லியனூர் பஸ் நிறுத்தத்திலிருந்து நூலகம் வரை போவதற்குள் நாலு பேர் எங்கே என்று கேட்பார்கள். இங்கே அவள் எங்கே போகிறாள் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த செய்தி.

அரைச் சுற்றில், பூக்கடைக்கும் தொலைபேசிக் கூண்டுகளுக்கும் நடுவில், முதல் மிஷினில் பார்த்த அதே நீலக் குறி போட்ட இன்னொரு மிஷின் இருந்தது. அவள் உடனே போய் நிற்கவில்லை. தூணோரம் நின்று பார்த்தாள். முதலில் ஒரு கிழவர், பிறகு காதில் பெரிய வளையம் போட்ட ஒரு பெண். அந்தப் பெண் அட்டையை எப்படிப் பிடித்தாள், எந்தப் பக்கம் மேலே, எந்த முனை உள்ளே என்பதைப் பவுனம்மாள் கோலப் புள்ளியை மனசில் வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டாள். பெண் மிஷினைப் பார்க்கக்கூட இல்லை, ஏதோ மென்றுகொண்டே நாலு பொத்தானைத் தட்டினாள், நோட்டு வந்தது, போய்விட்டாள்.

பவுனம்மாள் அதே பக்கம், அதே முனையைப் போட்டாள். மிஷின் இழுத்தது. யோசித்தது. துப்பியது. எண்ணைக் கேட்கவே இல்லை. அதே பச்சை வரி.

அவள் ஒதுங்கி நின்றாள். பயம் வரவேண்டிய இடம் இதுதான் என்று தோன்றியது. ஆனால் வந்தது பயமில்லை, கணக்கு. இரண்டு மிஷின், இரண்டிலும் ஒரே வரி. அப்படியானால் மிஷின் மேல் குற்றமில்லை. பக்கம் சரி, முனை சரி. எண்ணை இன்னும் போடவே இல்லை, ஆகவே எண்ணும் தப்பில்லை. மிச்சம் இருப்பது அட்டை. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று பொட்டுகளில் ஓரத்துப் பொட்டு லேசாகத் தேய்ந்து கறுப்புப் பட்டையில் மஞ்சள் கோடாக இழுபட்டிருந்தது.

போன ஆயுத பூஜை நினைவுக்கு வந்தது. பூஜை முடிந்த மறுநாள் பம்பு செட்டு ஓடவில்லை. நாற்று காய்கிறதென்று ஒதியம்பட்டே கேட்கும்படி அத்தை சத்தம் போட்டாள். வில்லியனூரிலிருந்து வந்த எலக்ட்ரீசியன் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் காட்டினான். செம்புத் தகட்டின்மேல் கெட்டியாக மஞ்சள், நடுவில் குங்குமம். “எம்மா, கும்புடறது மூடியோட நிக்கட்டும். கரண்டு தொடற எடத்துல வெச்சா அது எப்புடிம்மா போவும்?” என்று சுரண்டினான். மோட்டார் உடனே உறுமியது.

பவுனம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாரிஸ் விமான நிலையத்தில் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு தனியாகச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும்தான் கை தயங்கியது. எதைத் துடைக்கப் போகிறாள்? கட்டியவன் பெயர் எழுதிய அட்டை. அதில் பெற்றவள் வைத்த குங்குமம். ஊரில் இதைக் கையால் அழிக்க யார் துணிவார்கள்? முதல் மிஷினின் முன்னால் முந்தானையை அட்டைவரை கொண்டுபோய்விட்டுத் துடைக்காமல் விட்டதும் இதனால்தான் என்று இப்போது புரிந்தது. அத்தையின் விரல், பிள்ளையைப் பார்த்து இரண்டு வருடமான விரல், அந்த மூன்று பொட்டிலும் இருந்தது.

பெண்களுக்கான அறையைக் கண்டுபிடித்து உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. அவள் அட்டையைத் தண்ணீரில் காட்டவில்லை. ஆள்காட்டி விரல் நகத்தால் முதல் பொட்டின் நடுவிலிருந்த குங்குமத்தைச் சுரண்டி எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஈரப் பெருவிரலால் மஞ்சளைக் கரைத்துத் தாலிக் கயிற்றில் தடவினாள். இரண்டாவது பொட்டு. மூன்றாவது. ஒரு துளியும் அந்த வெள்ளைத் தொட்டியில் விழவில்லை. பக்கத்துக் கண்ணாடியில் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த ஒரு பெண் அவளைப் பார்த்தாள். பவுனம்மாளும் அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் முகம் திருத்திக்கொள்கிறவர்கள்தானே என்பதுபோல அந்தப் பெண் புன்னகை செய்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள். மிச்சத்தை ஈர முந்தானையால் துடைத்து, அட்டை நன்றாகக் காயும்வரை ஊதினாள்.

பூக்கடை மிஷின் அட்டையை இழுத்தது. யோசித்தது. துப்பவில்லை. திரையில் நாலு கட்டங்கள் வந்தன. அவள் கல்யாணத் தேதியை அழுத்தினாள், ஜன்னல் கம்பிகளை நினைத்துக்கொண்டே. உள்ளே ஏதோ புரண்டது, பக்கத்துக் கொல்லையில் நெல் தூற்றுகிற சத்தம்போல. முதலில் அட்டை வந்தது, பிறகு நோட்டுகள். அவள் அவற்றை வலது கையால் வாங்கிக்கொண்டு, “மெர்சி,” என்று நன்றி சொன்னாள். கனகாம்பாளாக இருந்தால், மிசினு பேசாது என்றிருப்பாள்.

மீதி அரைச் சுற்றையும் அவள் முழுசாகவே நடந்தாள். சூசைநாதன் அதே நாற்காலியில் கதவைப் பார்த்தபடி இருந்தார். மகன் வந்திருக்கவில்லை.

“வந்துட்டியா? ஆவலன்னா வுடு,” என்று தொடங்கியவர் அவள் கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்து நிறுத்தினார். “இன்னாம்மா பண்ண?”

“மொகத்த கழுவி வுட்டன் மாமா.”

“யாரு மொகத்த?”

“அதோட மொகத்த.” அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். “நீங்களும் வரீங்களா? டிக்கட்டு நான் எடுக்கறன்.”

அவர் கதவைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். “பையன் வந்துருவான். நீ போம்மா,” என்றார். பிறகு, அவள் நாலடி வைத்த பிறகு, “பனி வழுக்கும், பாத்து,” என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

கண்ணாடிக் கதவு தானாக விலகியது. குளிர் அவள் நினைத்திருந்ததைவிட மோசமாக, படித்திருந்ததைவிட நன்றாக இருந்தது. பஸ்காரர் மீசை வைத்த தடித்த மனிதர். அவள் கடைசி நிறுத்தத்தின் பெயரைச் சொன்னாள், அவருக்குப் புரியவில்லை, மறுபடியும் சொன்னாள். அவர் தலையை ஆட்டி, நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் ஓரத்தில், ஈரம் முழுதும் காயாமல், பளிச்சென்று ஒரு மஞ்சள் பெருவிரல் ரேகை. அவர் அதைத் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. தன் விரலை ஒருமுறை முகர்ந்துவிட்டு, நோட்டை மற்ற நோட்டுகளோடு பணப்பெட்டிக்குள் வைத்து மூடினார். பஸ் புறப்பட்டது.