செங்கம் ரோட்டு அறைகள்

சக்கரபாணி முதலில் அடித்தது தென்றலை அல்ல, சரசுவை. செங்கம் ரோட்டில், பட்டப்பகலில், டீக்கடையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரசுவின் முடியைப் பிடித்து இழுத்து, அவள் வீட்டு இரும்புக் கேட்டிலேயே முகத்தை மோதினான். உதடு கிழிந்து ரவிக்கையெல்லாம் ரத்தம். மாடியில் இருந்த ஒற்றை அறையைத் தரகனான அவனைக் கேட்காமல் ஒரு ஜெர்மன்காரப் பெண்ணுக்கு விட்டதுதான் அவள் செய்த குற்றம்.

"கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வந்தாளாமே? அந்தக் கம்ப்யூட்டரு வந்து உன்னக் காப்பாத்துதான்னு பாக்கறேன்" என்றான்.

அந்தக் கம்ப்யூட்டர் தென்றலுடையது. தென்றல் அவனுடைய கூடப்பிறந்த அக்கா ஜோதியம்மாளின் ஒரே மகள்.

தென்றல் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவள். எங்கோ இருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எவரோ எழுதிய புரோகிராமில் பிழை தேடுவது வேலை. சலித்துப்போய் இணையத்தில் மேய்ந்த ஒரு மதியத்தில், ரமணாசிரமத்துக்கு வர விரும்பும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பதைப் பார்த்தாள்: தங்குவதற்கு நல்ல அறை எங்கே கிடைக்கும்? ஒருவரும் பதில் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த ஊர், அவளுக்குத் தெரிந்த தெருக்கள். 2005இல் வேலையை விட்டுவிட்டு வேங்கிக்காலில் அம்மா வீட்டுக்கு வந்தாள். முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்து, தானே உட்கார்ந்து ஒரு வலைத்தளம் செய்தாள்.

கூட்டாளி யாரும் இல்லை. ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்ப் படம் எடுப்பதும் அவள்தான், மெயிலுக்குப் பதில் போடுவதும் அவள்தான். உள்ளதை உள்ளபடி எழுதினாள். இந்த வீட்டில் சுடுதண்ணீர் காலையில் மட்டும் வரும். இந்த வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு உள்ளே வந்துவிடும். அந்த உண்மைக்காகவே ஆட்கள் அவளை நம்பினார்கள். இரண்டாவது பனிக்காலம் வந்தபோது ஆசிரமத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் பாதி அவள் தளத்தில் இருந்தன.

அதுவரை அந்தப் பக்கத்தில் சக்கரபாணியைத் தாண்டி ஓர் அறை கைமாறியது கிடையாது. ஆட்டோக்காரர்கள் தங்க வந்த ஆளைக் கொண்டுவந்து அவனிடம் விடுவார்கள். அவன் கை காட்டிய வீட்டுக்குத்தான் ஆள் போவான். முதலில் அவனுக்கும் பெருமைதான். "எங்க அக்கா பொண்ணு, இன்டர்நெட்டுல ஊரையே காட்டுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். பிறகு ஆட்டோவில் வந்தவர்கள் கையில் அச்செடுத்த காகிதத்தோடு, வீட்டுக்காரர் பெயரையே சொல்லிக் கேட்டு, அவனைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள்.

சரசுவைப் பார்க்க அன்றே தென்றல் போனாள். உதட்டில் தையல் போட்டிருந்தது.

"உங்க வீட்ட தளத்துல இருந்து எடுத்துடறேங்க" என்றாள் தென்றல்.

"எடுக்காத. அடி வாங்கினது வாங்கியாச்சு. இனிமே அவனுக்குப் பயந்து இன்னா ஆவப்போவுது?"

போலீசுக்குப் போகலாம் என்று தென்றல் சொன்னதற்கு மட்டும் சரசு வேண்டாமென்று கையசைத்தாள். வீட்டுக்கு வந்தால் ஜோதியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் கோவக்காரன்தான். அம்மா செத்தப்ப இடுப்புல தூக்கி வளத்தவ நானு. நான் சொன்னா கேப்பான். கேஸு கீஸுன்னு போவாதடி."

தென்றல் போலீசுக்குப் போகவில்லை. தளத்தின் முதல் பக்கத்தில் மட்டும் நான்கு வரி எழுதினாள்: ஆசிரமத்துப் பக்கம் அறை தருவதாக வழிமறிக்கும் தரகர்களோடு போகாதீர்கள், அறையை நேரடியாக வாடகைக்கு விட்டதற்காக ஒரு பெண் தாக்கப்பட்டிருக்கிறார்.

அதை யாரோ சக்கரபாணிக்குப் படித்துச் சொன்னார்கள்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் அவன் வந்தான். கூடவே தருமன் என்ற ஆட்டோக்காரன், கையில் கடப்பாரை. ஜோதியம்மாள் கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தருமன் ஒரு வார்த்தை பேசாமல் மானிட்டரில் கடப்பாரையை இறக்கினான். கண்ணாடி வெடித்து அறையெங்கும் சிதறியது. சக்கரபாணி சிபியுவை ஒயரோடு பிடுங்கி வாசல் படியில் போட்டு மிதித்தான். தகடு நசுங்கும்வரை மிதித்தான்.

"முடிஞ்சிதா உன் கட?" என்றான், மூச்சு வாங்க.

"அது இதுல இல்ல மாமா" என்றாள் தென்றல். "அது வெளிநாட்டுல ஒரு மெஷின்ல இருக்கு. இத நீ நொறுக்கினா நான் ப்ரௌசிங் சென்டர்ல போய் ஒக்காருவேன்."

அவள் தன்னைக் கிண்டல் செய்வதாக அவனுக்குத் தோன்றியது. பளாரென்று அறைந்தான். அவள் சுவரில் மோதி விழுந்தாள். வலது கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய், நிலைக்கும் கதவுக்கும் நடுவே விரல்களை வைத்து அழுத்திப் பிடித்தான்.

"சாத்துடா" என்றான்.

தருமன் ஒரு கணம் தயங்கினான். பிறகு தோளைக் கொடுத்துக் கதவைச் சாத்தினான்.

தென்றல் போட்ட கூச்சல் கொல்லைக்குக் கேட்டது. ஈரக்கையோடு ஓடிவந்த ஜோதியம்மாள் தம்பியின் காலில் விழுந்தாள். "வாணாண்டா தம்பி, கொழந்தடா அது, வாணாண்டா." அவன் அவளை உதறித் தள்ளினான். தலை நிலைப்படியில் இடித்தது.

"இன்னொரு கை இருக்கு" என்று தென்றலின் இடது மணிக்கட்டைப் பிடித்தான்.

ஜோதியம்மாள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் விறகு பிளக்கும் கொடுவாள் இருந்தது. கத்தவில்லை, திட்டவில்லை. மகளைப் பிடித்திருந்த கையின் மேல், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, ஓங்கி வெட்டினாள். அவன் திரும்பியபோது தோளில் இன்னொரு வெட்டு விழுந்தது. தருமன் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினான். வாசலில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

சக்கரபாணி அப்படியே தரையில் உட்கார்ந்தான். எலும்பு தெரிந்த கையைப் பார்த்தான். "அக்கா, இன்னாக்கா இது?" என்றான், ஒன்றும் விளங்காதவன் போல.

கொடுவாள் கீழே விழுந்தது. ஜோதியம்மாள் புடவைத் தலைப்பைப் பல்லால் கிழித்து அவன் கையை இறுக்கிக் கட்டினாள். ரத்தம் நிற்கவில்லை. மேலும் கிழித்துக் கட்டினாள். "யாராச்சும் வண்டி கொண்டாங்களேன்" என்று தெருவைப் பார்த்து அவள் கதறியது கடைசி வீடுவரை கேட்டது.

போலீஸ் வந்து கேட்டபோது, "நான்தான் வெட்னேன்" என்றாள். அவளை வேலூர் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். மகளும் தம்பியும் ஒரே ஆஸ்பத்திரியில் வேறு வேறு வார்டில் கிடந்தார்கள்.

சரசு அந்த வாரமே ஸ்டேஷனுக்குப் போய்த் தன் பங்குக்குப் புகார் எழுதிக் கொடுத்தாள். அவளைப் பார்த்து, சக்கரபாணியிடம் அடியோ மிரட்டலோ வாங்கிய வேறு சில வீட்டுக்காரர்களும் போனார்கள். தருமனைப் பிடித்தார்கள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு தென்றல் ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். முதல் பக்கத்து நான்கு வரி அப்படியே இருந்தது. பதில் தாமதமானதற்கு மெயில் போட்டவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பிறகு சக்கரபாணி பக்கத்திலிருந்து சமாதானம் பேச ஆள் வந்தது. எல்லாப் புகாரையும் திரும்ப வாங்கிக்கொண்டால், அக்கா மேல் இருக்கும் கேஸைத் தளர்த்த அவனும் சம்மதிப்பான் என்றார்கள். சரசுவிடம் கேட்டபோது, "உங்க அம்மா வெளிய வர்றதுக்குன்னா நான் வாங்கிக்கறேம்மா" என்றாள். முடிவை அம்மாவிடமே கேட்பதென்று தென்றல் வேலூருக்குப் பஸ் ஏறினாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஜோதியம்மாள் இளைத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாட்டேனென்று தலையாட்டினாள்.

"சரசு மூஞ்சிய யாரு வாபஸ் வாங்கறது? உன் வெரல? ஒண்ணும் வாணாம். ஜாமீன் எப்ப கெடைக்குதோ அப்ப வர்றேன்."

"இங்க கஷ்டமா இல்லையா உனக்கு?"

"கஷ்டந்தான்." வலையை ஒட்டி வந்தாள். "கை எப்பிடி இருக்கு?"

தென்றல் கட்டு அவிழ்த்த கையை வலைக்கு அருகே கொண்டுபோய்க் காட்டினாள். நடுவிரல் கோணலாக ஒட்டியிருந்தது.

"உன்னுத தான் பாத்தனே. அவனுது?"

தென்றலுக்கு முகம் சுண்டிப்போனது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. "முழங்கைக்குக் கீழ உணர்ச்சி இல்லையாம். வெரல மடக்க முடியாதாம்" என்றாள் கடைசியில்.

ஜோதியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மறுபடி உம்மேல கை வச்சான்னா மறுபடியும் வெட்டுவேன். ஆனா கேக்காம இருக்க முடியலடி" என்றாள்.